பங்கில் கிடக்கும் பழைய கேசட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் தமிழகக் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்குகளில் 1970களிலிருந்து 1990கள் வரை பல குருக்களும் அருட்சகோதரிகளும் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார்களும் ஊர்ப் பெரியவர்களைப் பேசவைத்து கேசட்டில் பதிந்து வைத்தார்கள். கோயில் கட்டின கதை, முத்துக் குளிப்பு, புயல், ஊர் விலக்கு, புதுமைகள் (அற்புதங்கள்), பழைய பாடல்கள் என்று எல்லாம் அதில் உண்டு. அந்த நாடாக்களை மறைமாவட்டக் காப்பகத்தில் கணினிக்கு மாற்றும் வேலையில் இருப்பதால், பங்குத்தந்தையரும் குடும்பத்தாரும் ஆய்வு மாணவர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

சாக்ரீஸ்து அறையில் (பூசைப் பொருட்கள் வைக்கும் அறை) ஒரு பெட்டி நிறைய கேசட் கிடைத்தது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஓடவிட்டுப் பார்க்காதீர்கள். ஆர்வம் புரிகிறது, ஆனாலும் வேண்டாம். பல வருடம் சும்மா கிடந்த நாடா, அழுக்கேறிய டேப்ரெக்கார்டரில் சிக்கி அறுந்துபோவது பெரும்பாலும் இந்த முதல் ஓட்டத்தில்தான்.

கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவை உடைபடாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். அதற்கு அப்புறம் யாராவது தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அது அழுந்தாது. அடுத்து ஒவ்வொரு கேசட்டையும் அட்டையையும் இரு பக்கமும் செல்பேசியில் படம் எடுங்கள். அட்டைக்குள் மடித்து வைத்த துண்டுச்சீட்டையும் விடாதீர்கள். மேலே சினிமாப் பாட்டின் பெயர் எழுதியிருந்தாலும் ஒதுக்கிவைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் புதுக் கேசட் வாங்கக் காசில்லாமல், கடையில் வாங்கின பாட்டுக் கேசட்டின் நாக்கு உடைந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டி அதன்மேலேயே பேட்டியைப் பதிந்தவர்கள் உண்டு.

மூன்றாவது வேலையைத்தான் எல்லாரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். இந்தக் குரல்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள். வயதையும் சேர்த்து எழுதுங்கள்.

இவ்வளவு அவசரம் எதற்கு? நாற்பது வருடம் கிடந்தது, இன்னும் பத்து வருடம் கிடக்காதா?

கேசட்டை பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்தியது. 3.81 மில்லிமீட்டர் அகல நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகம். இதை ஒழுங்காக ஓட்டும் நல்ல டெக்குகளை இன்று அநேகமாக யாரும் செய்வதில்லை. பெல்ட், ரப்பர் உருளை, நாடாவைப் படிக்கும் ஹெட் எல்லாம் பழைய இயந்திரங்களைக் கழற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் கடையை மூடிவருகிறார்கள். உலக ஒலி ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் யுனெஸ்கோவும் 2019இல் காந்த நாடாக்களுக்காக ஓர் எச்சரிக்கைத் திட்டமே தொடங்கின. 2025ஐ ஒட்டி பல நாடாக்களை ஓட்ட வழியில்லாமல் போய்விடும் என்பதுதான் அதன் சாரம். அந்தக் கெடு வந்தேவிட்டது. போதாக்குறைக்கு, கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் வேறு.

இருந்தாலும் நாடாவையும் இயந்திரத்தையும் விட வேகமாகக் கைநழுவிப் போவது ஆட்கள்தான். நாடா கெட்டாலும் ஓரளவு மீட்கலாம், பழைய டெக்கை எங்காவது தேடிப் பிடிக்கலாம். "இது தெற்குத் தெரு உபதேசியார் மகள் குரல்லா" என்று சொல்லும் ஆச்சி போய்விட்டால் அந்தப் பதிவு யாரோ ஒரு பெண் பேசும் ஒலியாக மட்டும் மிஞ்சும். எங்கள் வேலையின் வரிசையை இதை வைத்துத்தான் தீர்மானிக்கிறோம். நாடா எவ்வளவு மோசம் என்று பார்ப்பதற்கு முன்னால், அதைப் பற்றிச் சொல்ல யார் மிச்சம் என்று பார்க்கிறோம்.

ஞானஸ்நானப் பதிவேடும் கல்யாணப் பதிவேடும் இருக்கின்றனவே. இந்தப் பேச்சில் அப்படி என்ன புதிதாக இருக்கிறது?

பதிவேடு யார், எந்த நாள், யார் ஞானப்பெற்றோர் என்று சொல்லும். ஒரு பிள்ளைக்கு ஏன் வீட்டிலேயே அவசர ஞானஸ்நானம் கொடுத்தார்கள், அந்த வருடம் ஊரில் என்ன கொள்ளைநோய், குரு ஏன் வரமுடியவில்லை, தண்ணீர் ஊற்றின மருத்துவச்சி யார் என்பதெல்லாம் பேச்சில்தான் இருக்கிறது.

தூத்துக்குடி மறைமாவட்டம் 1923இல் உருவானபோது திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை ஆயரானார். வெள்ளைக்கார ஆயர்களையே பார்த்துப் பழகிய மக்களுக்கு நம் மண்ணின் ஆள் ஒருவர் ஆயராக வந்தது எப்படி இருந்தது என்று அறிக்கையில் தேடினால் கிடைக்காது. அதைப் பார்த்தவர்களின் பிள்ளைகள் பேசியது நாடாக்களில் இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962இலிருந்து 1965 வரை நடந்தது. அதற்கு அப்புறம் இலத்தீன் பூசை தமிழுக்கு மாறியது. பொருள் தெரியாவிட்டாலும் இலத்தீன் பதிலுரைகளை மனப்பாடமாகச் சொன்ன பீடச்சிறுவர்கள், கிழவர்களான பிறகு அதே ராகத்தில் பாடிக் காட்டியிருக்கிறார்கள். நம் கடலோரத்து உச்சரிப்பில் வரும் அந்த இலத்தீனை எந்தப் புத்தகத்திலும் அச்சடிக்க முடியாது.

முத்துக் குளிப்பும் இப்படித்தான். தமிழகப் பக்கத்தில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961இல். மூச்சடக்கி இறங்கினவர்கள் கயிற்றை எப்படிப் பிடிப்பார்கள், சிப்பியைக் கோயிலுக்கும் ஏலத்துக்கும் எப்படிப் பங்கு பிரித்தார்கள், சுறா பயத்துக்கு என்ன செபம் சொன்னார்கள் என்று தங்கள் வாயால் சொன்ன தலைமுறை இப்போது அநேகமாக இல்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின் கதைகளும் பல நாடாக்களில் வருகின்றன. புயல் நாளின் கணக்கு அரசு ஏடுகளில் இருக்கும். அன்று கோயிலுக்குள் ஒதுங்கினவர்கள் விடியும்வரை என்ன பாடினார்கள் என்பது அதில் இருக்காது.

வீட்டு டேப்ரெக்கார்டரில் ஓடவிட்டு, செல்பேசியைப் பக்கத்தில் வைத்துப் பதிந்துகொண்டால் போதாதா?

வேறு வழியே இல்லை, நாடா நாளைக்கே அறுந்துவிடும் என்ற நிலையில் செய்யுங்கள். மற்றபடி வேண்டாம். மின்விசிறிச் சத்தம், தெருவில் போகும் ஆட்டோ, ஸ்பீக்கரின் கரகரப்பு எல்லாம் பேச்சோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதைப் பிரிக்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. பேட்டி எடுத்தவர் வைத்திருந்த சின்ன ரெக்கார்டரின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால், நேராக இருக்கும் டெக்கில் அந்த நாடா மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். நாங்கள் ஒவ்வொரு நாடாவுக்கும் டெக்கின் ஹெட் பக்கத்துத் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ச, ஷ, ஸ ஒலிகள் கூர்மையாகக் கேட்கும் இடத்தைக் காதால் பிடித்து நிறுத்துகிறோம். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் இதைச் செய்யாமல் மாற்றிய கோப்பில் இழந்த கூர்மையைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுசாகத் திருப்பித் தரமுடியாது.

பேட்டரி இறங்கிப்போன ரெக்கார்டரில் பதிந்த பேச்சுகளும் வரும். பதியும்போது மோட்டார் மெதுவாக ஓடியிருப்பதால், இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால் கடைசிப் பத்து நிமிடம் தாத்தாவின் குரல் மெலிந்து, வேகமாகிக்கொண்டே போகும். இதைக் கணினியில் சரிசெய்யலாம். ஆனால் நகலில் மட்டும்தான் செய்வோம்.

எந்த வடிவத்தில் சேமிக்கிறீர்கள்?

மூலக் கோப்பு வேவ் வடிவத்தில், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். பன்னாட்டு ஒலிக்காப்பகங்களின் வழிகாட்டுதலில் குறைந்தபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரப் பேச்சு 96இல் சுமார் 1 ஜிபி பிடிக்கும், 48இல் அதில் பாதி. கேட்பதற்கும் குடும்பத்தாருக்குக் கொடுப்பதற்கும் எம்பி3 நகல் தனியாக எடுக்கிறோம். அது மணிக்கு 60 எம்பிக்குள் அடங்கிவிடும். எம்பி3 மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். எம்பி3 பல ஒலித் தகவல்களைக் கழித்துவிட்டுத்தான் சிறிதாகிறது.

நாடா அறுந்திருக்கிறது, பூஞ்சை பிடித்திருக்கிறது. இனி குப்பைதானா?

பெரும்பாலும் இல்லை.

வெள்ளையாகப் பொடி படிந்த கேசட்டை முதலில் தனி உறையில் போட்டு மற்றவற்றிலிருந்து ஒதுக்குங்கள். அதைத் திறந்து ஊதாதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போனால் உடம்புக்குக் கெடுதல், பக்கத்துக் கேசட்டுக்கும் பரவும். முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் யாரும் உட்காருவதில்லை.

ஓட்டினால் சத்தமே வராத, அல்லது மிக மெலிதாக வரும் கேசட்டுகளில் பல உண்மையில் கெட்டவை அல்ல. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்க உள்ளே ஒரு சிறு செப்புப் பட்டை இருக்கும். அதன் நடுவில் பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். நாள்பட பசை காய்ந்து அது விழுந்துவிடும். சரி, இதற்கு என்ன செய்கிறோம்? ஐந்து திருகாணி உள்ள வேறொரு நல்ல கேசட்டைத் திறந்து, அதன் கூட்டை எடுத்துக்கொள்கிறோம். பழைய கேசட்டின் கூட்டிலும் திருகாணி இருந்தால் எளிது. ஒட்டி மூடிய கூடாக இருந்தால் விளிம்பில் மெதுவாக நெம்பித் திறக்க வேண்டும். உள்ளே இரண்டு சக்கரங்களிலும் சுற்றியிருக்கும் நாடாவை அப்படியே, அடுக்கு கலையாமல், விரல் நுனியில் பிடித்துப் புதுக் கூட்டில் இறக்க வேண்டும். இறக்கினதும் நாடா இரண்டு முனை உருளைகளையும் சுற்றிச் சரியாகப் போகிறதா என்று பார்த்து மூடினால் முடிந்தது. அறுந்த நாடாவுக்கு அதற்கென்று விற்கும் ஒட்டுநாடாவைத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டு செல்லோடேப்பின் பசை கசிந்து பக்கத்து அடுக்கையும் சேர்த்து ஒட்டிவிடும்.

120 நிமிடக் கேசட்டுகள்தான் எங்களுக்குப் பயம். அறுபது நிமிட நாடாவின் தடிமன் 18 மைக்ரான், 120 நிமிட நாடா வெறும் 9 மைக்ரான். கொஞ்சம் இழுத்தாலும் நீண்டுவிடும்.

இரைச்சலையெல்லாம் நீக்கிச் சுத்தமாகத் தருவீர்களா?

கேட்கும் நகலில் லேசாகக் குறைப்போம். மூலக் கோப்பில் கை வைக்கமாட்டோம். இரைச்சல் என்று நாம் நினைப்பதில் பாதி தகவல். பின்னால் கேட்கும் மூவேளை மணி, பேட்டி நடந்தது நண்பகலா அந்தியா என்று சொல்லிவிடும். அலைச்சத்தம் இருந்தால் வீடு கரையை ஒட்டி இருந்திருக்கிறது. பேச்சின் நடுவே யாரோ ஒரு பெண் "அப்படி இல்ல, அது அவுக தம்பி" என்று அடுப்படியிலிருந்து திருத்துவாள். மென்பொருள் அவளைத்தான் முதலில் அழிக்கும். எங்களுக்கு அவள் இரண்டாவது சாட்சி.

பேசுகிறவர் யார் என்றே தெரியவில்லை. தேதியும் இல்லை. இதை என்ன செய்வது?

இங்கேதான் எங்கள் நேரத்தில் பெரும்பகுதி போகிறது, போகவும் வேண்டும்.

கணினிக்கு மாற்றியதும் நகலை எடுத்துக்கொண்டு ஊருக்கே போகிறோம். கோயில் முற்றத்திலோ ஒரு வீட்டுத் திண்ணையிலோ வயதானவர்கள் நாலைந்து பேரை உட்காரவைத்து, சின்ன ஸ்பீக்கரில் ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாகப் போடுகிறோம். ஒரே ஆளிடம் கேட்டால் மரியாதைக்காகத் தெரியும் என்று சொல்லிவிடுவார். நாலு பேர் இருந்தால் சண்டை வரும், அந்தச் சண்டையில்தான் உண்மை வரும். ஒருவர் இன்னார் என்பார், அடுத்தவர் "அவருக்கு அப்போ தொண்டையில ஆப்பரேசன் ஆயிட்டுல்லா, இவ்வளவு கணீர்னு பேச முடியாதே" என்பார். சம்மதம் கேட்டுக்கொண்டு இந்த உரையாடலையும் பதிந்து, அதே பதிவோடு சேர்த்து வைக்கிறோம்.

ஆண்டைக் கண்டுபிடிக்கப் பேச்சுக்குள்ளேயே தடயம் இருக்கும். தூத்துக்குடி பனிமய மாதாவின் தங்கத் தேர் எல்லா வருடமும் ஓடாது. "போன தேருக்கு எம் மவனுக்கு முடி எடுத்தோம்" என்று ஒருவர் சொன்னால், தேர் ஓடிய ஆண்டுகளின் பட்டியலையும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளின் வயதையும் வைத்து ஆண்டைப் பிடித்துவிடலாம். பங்குத்தந்தை பெயர் வந்தால் அவர் மாற்றலாகிப் போன தேதி மறைமாவட்ட ஏட்டில் இருக்கும். படகில் இயந்திரம் வந்ததைப் பற்றிப் பேச்சு வந்தால் அதுவும் உதவும்.

இவ்வளவு செய்தும் பெயர் கிடைக்காவிட்டால் "பெயர் அறியப்படவில்லை, பெண், சுமார் 60 வயது" என்றே எழுதுகிறோம். ஊகத்தை ஒருபோதும் உறுதி போல எழுதுவதில்லை. தவறான பெயர் ஒருமுறை ஏறிவிட்டால் அது ஆய்வுக் கட்டுரை வரைக்கும் போய்விடும்.

பேச்சைக் கணினியே தட்டச்சு செய்துவிடாதா?

செய்யும், முதல் வரைவு அளவுக்கு. 2022இல் வந்த விஸ்பர் போன்ற கருவிகளுக்குத் தமிழ் தெரியும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும் இந்திய மொழிகளுக்கென்றே பேச்சறியும் கருவிகளை உருவாக்கிவருகிறது. செய்தி வாசிப்பவர் பேசினால் நன்றாக எழுதுகின்றன. கடற்கரைக் கிழவர் கச்சான், கொண்டல், சோழகம் என்று காற்றின் பெயர்களை அடுக்கிக்கொண்டு, கோயில் கோபுரத்தையும் பனையையும் வைத்துக் கடலில் இடம் குறிக்கும் கணியம் பார்த்த கதையை வேகமாகச் சொன்னால் கருவி தடுமாறுகிறது. அதைவிட ஆபத்து, பேச்சில்லாத இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தை அது தானாக எழுதிவிடுவது. ஆகவே காதால் கேட்டுத் திருத்தாத எழுத்தாக்கம் எதையும் நாங்கள் வெளியே கொடுப்பதில்லை.

முழு எழுத்தாக்கத்துக்கு ஆள் இல்லையென்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எதைப் பற்றிய பேச்சு என்று இரண்டு வரி எழுதினாலே தேடுபவருக்குப் பெரிய உதவி. அந்தக் குறிப்பில் பழைய சொல்லையும் இன்றைய சொல்லையும் சேர்த்துப் போடுங்கள். பாட்டி பூசை, சர்வேசுரன் என்றுதான் பேசியிருப்பார். இன்றைய மாணவர் திருப்பலி, கடவுள் என்று தேடுவார்.

பேசினவர் இறந்துவிட்டார். யாரிடம் அனுமதி கேட்பது? எல்லாவற்றையும் இணையத்தில் போடுவீர்களா?

போடமாட்டோம். அன்று அவர்கள் பேசியது எதிரே இருந்த சாமியை நம்பி, சிஸ்டரை நம்பி. உலகம் முழுக்கக் கேட்கும் என்று தெரிந்திருந்தால் சிலவற்றைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

உயிரோடு இருப்பவரிடம் நேரில் போய்க் கேட்கிறோம். கையெழுத்துப் போடும் முன் அவர் பேச்சை அவருக்கே போட்டுக் காட்டுகிறோம். இறந்தவரென்றால் பிள்ளைகளிடம் கேட்கிறோம். பிள்ளைகளுக்குள் ஒருவர் வேண்டாம் என்றாலும் இணையத்தில் ஏற்றுவதில்லை. காப்பகத்துக்கு நேரில் வந்து கேட்கலாம் என்ற நிலையில் வைக்கிறோம். சில பதிவுகளுக்கு இத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்று குடும்பமே தேதி சொல்கிறது. அதுவும் நல்ல வழி.

பேசினவர் சம்மதித்தாலும் அவர் பேச்சில் வரும் மூன்றாம் ஆளுக்கு யார் பொறுப்பு? யார் வீட்டுப் பெண் யாரோடு போனாள், கோயில் பணத்தை யார் எடுத்தார், ஊர் இரண்டுபட்டபோது யார் வீட்டை யார் கொளுத்தினார் என்றெல்லாம் வரும். இந்தப் பகுதிகளை வெட்டுவது வரலாற்றுக்குத் துரோகம் என்று சில ஆய்வாளர்கள் எங்களோடு வாதாடுகிறார்கள். மூலக் கோப்பில் நாங்கள் எதையும் வெட்டுவதில்லை. பொது நகலில் மட்டும் அந்த நேரப்பகுதியை மூடி, மூடியிருக்கிறது என்று வெளிப்படையாகக் குறித்துவைக்கிறோம். அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே தெருவில் குடியிருக்கின்றன.

பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது) சம்பந்தப்பட்ட எதுவும் எந்தக் காரணத்துக்காகவும் பதிவிலோ காப்பகத்திலோ இருக்கக் கூடாது. அதைக் கருவியில் பதிவதும் வெளியிடுவதும் திருச்சபையிலிருந்து விலக்கப்படும் குற்றம் என்று 1988இலேயே வத்திக்கான் ஆணை பிறப்பித்திருக்கிறது.

இதெல்லாம் திருச்சபையின் வேலையா?

ஆமாம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 491ஆம் சட்டம், மறைமாவட்டத்தில் வரலாற்றுக் காப்பகம் இருக்க ஆயர் ஆவன செய்ய வேண்டும் என்கிறது. மற்ற சபைகள் நமக்கு முன்னே போயிருக்கின்றன. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் மார்மன் சபை 1972இலேயே வாய்மொழி வரலாற்றுக்கென ஒரு திட்டம் தொடங்கிவிட்டது. மதம் சாராத முயற்சி என்றாலும் ஈழத்து நூலகம் நிறுவனத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளை ஒருமுறை பாருங்கள். குறைந்த வசதியில் தமிழில் இதை எப்படிச் செய்யலாம் என்பதற்கு அது நல்ல பாடம்.

பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்தால் போதுமா?

போதாது. மூன்று நகல் வேண்டும். இரண்டு வேறு வேறு வன்தட்டில், குறைந்தது ஒன்று கடற்கரையிலிருந்து தள்ளி வேறு ஊரில். 2004 சுனாமியைப் பார்த்த கரைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க ஷா-256 என்ற முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எழுத்துச்சரம் கணக்கிட்டு வைக்கிறோம். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் சரம் மாறிவிடும். வருடம் ஒருமுறை திரும்பக் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறோம், கெட்டிருந்தால் நல்ல நகலிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். குறுவட்டில் எழுதி வைத்தவர்கள் சீக்கிரம் வெளியே எடுத்துவிடுங்கள். அதுவும் கெட்டுப்போகிறது.

மாற்றி முடித்ததும் கேசட்டைத் தூக்கிப் போடலாமா?

வேண்டாம். நாளைக்கு இன்னும் நல்ல கருவி வரலாம். அட்டையில் இருக்கும் கையெழுத்துக்காகவாவது வைத்திருங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்? செலவு?

அறுபது நிமிட நாடா ஓட அறுபது நிமிடம் ஆகும். வேகமாக ஓட்டி மாற்றும் குறுக்குவழியை நாங்கள் எடுப்பதில்லை. முன்னால் துடைப்பது, முன்னும் பின்னும் ஒருமுறை சுற்றுவது, ஹெட் சரிசெய்வது, பிறகு குறிப்பெழுதுவது எல்லாம் சேர்ந்தால் ஒரு நாடா அரை நாளை எடுத்துக்கொள்ளும். மென்பொருளுக்குக் காசு வேண்டாம், ஆடாசிட்டி இலவசம். ஒரு நல்ல பழைய டெக், டெக்கின் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் ஒரு ஒலி இடைமுகக் கருவி, வன்தட்டுகள் இவைதான் செலவு. பங்குக்குப் பங்கு தனித்தனியாக வாங்காமல், பல பங்குகள் சேர்ந்த மறைவட்ட அளவில் சேர்ந்து வாங்குங்கள்.

கேசட்டுகளை உங்களுக்கு எப்படி அனுப்புவது?

முடிந்தால் ஆளே எடுத்து வாருங்கள். கூரியரில் அனுப்புவதானால் நாடா தொங்காமல் பென்சிலால் சுற்றி இறுக்கி, ஒவ்வொன்றையும் அதன் உறையில் போட்டு, பெட்டிக்குள் நிமிர்த்தி அடுக்குங்கள். ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காரிலும் விடாதீர்கள். பூஞ்சை பிடித்தவை தனிப் பொட்டலமாக வரட்டும். கேசட்டுகளுக்கு எண் போட்டு, பங்குத்தந்தை கையெழுத்திட்ட பட்டியல் ஒன்றை உள்ளே வையுங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். குரல்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் பெயரும் வயதும் எழுதிய அந்தத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். அதில் ஆகக் கூடிய வயதுள்ளவரின் ஊரிலிருந்து வந்த நாடாவைத்தான் முதலில் எடுப்போம்.